சும்மாடு

பதினோரு ஓட்டு வித்தியாசத்தில்
காசிமேடு மீன் விற்கும் பெண்கள் சங்கத்துக்கு
நான் தலைவி.
தோற்றவள் தேசம்மா.
என் கூடைக்குப் பக்கத்துக் கூடை அவளுடையது,
நேற்றும் இன்றும் நாளைக்கும்.

போன மாசம் தேனாம்பேட்டையில்
ஏசி ஓட்டலில் ரெண்டு நாள் பயிற்சி.
மாரில் குத்திய அட்டையில் என் பேர் அடங்காமல்
'அமலோர்ப' என்று நின்றுவிட்டது.
ஆசியாவின் தலைமைப் பாடங்கள் என்று
சுவரில் படம் காட்டினார்கள்.
வளையும் மூங்கில். சரி.
தாழ ஓடும் தண்ணீர், தாழ்வதே அதன் பலம் என்றார் ஒரு தம்பி.
தாழ்ந்த இடத்தில் தண்ணி என்ன செய்யும் என்று
டிசம்பரில் எங்கள் தெருவுக்கு வந்தால் காட்டலாம்.
அரச மரத்தடியில் அசையாமல் ஒருவர்.
ஏலக் கூச்சல் அவர் கேட்டிருக்க மாட்டார்.
கடைசியாக ஜப்பான்:
கோட்டு போட்ட முதலாளி ஒருவர்
ஊருக்கு முன்னால் இடுப்பு மடங்கக் குனிந்து நிற்கிறார்,
தப்பு தன்னுடையதாம்.
நான்தான் முதலில் சிரித்தேன்.
தலைச்சுமைக்காரி குனிய மாட்டா தம்பி,
குனிஞ்சா கூடை போயிடும் என்றேன்.
கை தட்டினார்கள். மதியம் பிரியாணி.

அப்புறம் ஐஸ் கம்பெனிக்காரர் கூப்பிட்டார்.
வெளியே வெயிலில் எங்கள் ஆளுங்க நாற்பது பேர்.
உள்ளே எனக்கு மட்டும் நாற்காலி, எனக்கு மட்டும் ஜூஸ்,
பெட்டிக்கு எட்டு ரூபாய் ஏற்றம்.
கரண்ட் பில்லைக் காட்டினார், மகள் கல்யாணத்தைச் சொன்னார்,
"தலைவியம்மா" என்றார்.
அந்தச் சொல் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.
கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்திருக்கலாம்.
கையெழுத்துப் போட்டேன்.

மூன்று நாள் ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லை.
எங்கள் பக்கத்துக் கோபம்
கல்மண்டபம் வரைக்கும் கேட்கும்.
இது கேட்கவே இல்லை.
பிலோமினா ஐஸைப் பாதியாகக் குறைத்தாள்;
மத்தியானத்துக்குள் அவள் வஞ்சிரத்தின் கண்
வெளுத்துக் கிடந்தது.
எட்டியம்மா நான் நீட்டிய சில்லறையை வாங்காமல் போனாள்.

நாலாம் நாள் விடிகாலை மூணு மணி.
போட்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன.
ஏலக்கூடத்து மஞ்சள் வெளிச்சத்தில் எல்லோரும்.
என் தலையில் சங்கரா, முப்பது கிலோ.
சொல்லத்தான் வந்தேன்.
வாய் வந்தது, கழுத்து வரவில்லை,
இருபத்தாறு வருஷம் நேராகவே நின்று பழகியது.
கூடையோடு குனிய முடியாது.
கூடையை ஒண்டியாக இறக்கவும் முடியாது.
ஏற்ற ஒரு கை, இறக்க ஒரு கை
இன்னொருத்தியுடையது வேண்டும்.
அதைச் சுவரில் யாரும் காட்டவில்லை.

ஒருத்தியும் நகரவில்லை.
மீன் தண்ணி என் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாமே பாத்துகினு நிக்கிறீங்க?"
தேசம்மாதான். ஒரு பக்கம் பிடித்தாள்.
"எறக்கு. மெதுவா."

இப்போது தலையில் சும்மாடு மட்டும்.
பழைய புடவைக் கிழிசல், வட்டமாகச் சுற்றியது.
ராஜாக்களுக்கும் அதே இடத்தில் அதே வட்டம்தான்,
அவர்களுடையதன் மேல்
யாரும் எதையும் ஏற்றியதில்லை.
குனிந்தேன்.
அது நழுவி ஈரத் தரையில் விழுந்தது.

"உங்கள கேக்காம கையெழுத்து போட்டேன். என் தப்பு."

ஒருத்தி கெட்ட வார்த்தை சொன்னாள். ஒருத்தி சிரித்தாள்.
மன்னித்ததாக யாரும் சொல்லவில்லை.
"எட்டு மணிக்கு ஐஸ் கம்பெனிக்குப் போறோம்" என்றாள் எட்டியம்மா.
"எல்லாரும் உள்ள போறோம். சேரு இல்லன்னா எல்லாரும் நிப்போம்."
நான் சொல்ல வைத்திருந்தது அது.
அவள் சொன்னதாகவே இருக்கட்டும் என்று விட்டேன்.

தேசம்மா சும்மாட்டை எடுத்து உதறினாள்.
தன் தலையில் வைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.
என் கையில் திணித்தாள்:
"நாத்தம் தாங்கல. மொதல்ல இத்த தோச்சிப் போடு."